சர்வர் கேட்ட தண்ணீர்

கல்லேரிப்பட்டு, செஞ்சி வழி
7.3.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் எஸ்தருக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நம்ம மைக் செட்டு ஆம்ப்ளிஃபயர் மூணு பேரும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆம்ப்ளிஃபயருக்கு இரைச்சல், எனக்கு அவமானம். அங்கே நீயும் பேத்தி அனுவும் சுகம்தானே? கப்பலில் இருக்கும் மாப்பிள்ளை பேசினாரா?

அவமானம் வந்த கதையைச் சொல்லிடறேன். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஆனந்தராஜ் கோவில் வாசல்ல நின்னுக்கிட்டு, மே மாசம் பசங்க மொத மொதல்ல நற்கருணை வாங்கற புதுநன்மை விருந்துக்குப் பந்தி பரிமாற ஆளே கிடைக்கலன்னு புலம்பிக்கிட்டிருந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "கவலைய வுடுப்பா. எங்க எஸ்தர் வேலை செய்ற எடத்துல சர்வருங்க மட்டுமே ஆயிரக்கணக்குல இருக்கறாங்க, எல்லாரையும் அவதான் பாத்துக்கறா. சொன்னா பத்து பேரை அனுப்பி வைப்பா"ன்னு சொல்லிட்டேன்.

காலேஜ் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேர், "சர்வர்னா ஆளு இல்ல"ன்னு சிரிச்சு சிரிச்சு படியிலேயே உக்காந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆனந்தராஜ் அதைப் பங்குக் கோவில் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். சாமியாரே சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்.

நீ சர்வர் சர்வர்னு சொன்னப்பல்லாம் நான் பெரிய ஓட்டல்னுதான் நெனச்சிருந்தேன். ஏசி வேலை படிச்ச பொண்ணு ஓட்டல்ல இன்னா பண்றான்னு யாராவது கேட்டா, ஓட்டலுக்கும் ஏசி வேணுமேன்னு நானே பதில் வெச்சிருந்தேன். ரேஷன் கடையில "இன்னிக்கு சர்வர் இல்ல, நாளைக்கு வா"ன்னு சொன்னா, எடை போடுற ஆள் லீவுன்னு திரும்பி வந்திருக்கேன். ஒரு தடவை அவருக்கு உடம்பு இப்ப எப்படி இருக்குதுன்னுகூட விசாரிச்சேன்.

சாம்பல் புதனன்னிக்கு ஒரு முடிவு பண்ணேன். தவக்காலத்துல எல்லாரும் கறியை விடுவாங்க, நான் செல்லை விட்டுட்டேன். அம்மா அதைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. அவசரம்னா அவ செல்லுக்குப் பேசு. மத்தபடி தவக்காலம் முடிஞ்சு பாஸ்கா வர்ற வரைக்கும் உனக்கு இன்லேண்டு லெட்டர்தான். செஞ்சி போஸ்ட் ஆபீஸ்ல கேட்டேன், கவுண்டர்ல இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, கலெக்டருக்கு மனுவான்னு கேட்டாங்க.

சரி, ஆளு இல்லன்னா சர்வர்னா இன்னா? நீயாவது சிரிக்காம சொல்லு.

இப்படிக்கு,
ஊர் சிரிக்கும் உன் நைனா,
செபாஸ்தியான்


சென்னை
15.3.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நானும் அனுவும் நல்லா இருக்கோம். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாங்களா? அனு உங்க லெட்டரை மோந்து பார்த்துட்டு, "தாத்தா வாசன வருது"ன்னா. பீடி வாசனையா இருந்தா அதையும் தவக்காலத்துல சேர்த்துடுங்க.

மன்னிக்கணும், நானும் சிரிச்சுட்டேன். லிஃப்ட்டில் நின்னு சிரிச்சேன், செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்த்தார்.

சர்வர்னா பொட்டி நைனா. ஒண்ணு மேல ஒண்ணா, ஆள் உயரத்துக்கு மேல அடுக்கின கம்ப்யூட்டர் பொட்டி. ஹால் ஹாலா இருக்கும். உலகத்துல யார் எதை அனுப்பினாலும், பார்த்தாலும், சேர்த்து வெச்சாலும் இந்த மாதிரி ஒரு கட்டடத்துலதான் எங்கேயோ கிடக்கும். கிளவுடுன்னு சொல்வாங்க. வானத்துல எதுவும் இல்ல, எல்லாம் தரையிலதான், அதுவும் அனல் அடிக்கும் தரையில. பொட்டிங்க ராத்திரி பகல் ஓடுது, ஓடினா சூடாகுது, சூடானா நின்னுடும். நிக்காம பாத்துக்கறதுதான் என் வேலை. மொட்டை மாடியில பெரிய பெரிய கூலிங் டவர் இருக்குது. அதுல தண்ணி சுத்தி வந்து ஆவியாகி சூட்டை எடுத்துக்கிட்டுப் போயிடும். கரண்ட் போனா டீசல் ஜெனரேட்டர்.

நீங்க தினம் காலையில ஊருக்கே அனுப்புவீங்களே, ரோஜாப்பூ மேல பனித்துளி வெச்ச படம், அதுவும் எங்கேயோ ஒரு பொட்டியில இருக்குது. உங்க ரோஜாவுக்கு எங்கள்ல யாரோ ஒருத்தர் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கார்.

ஷிஃப்டுக்கு நேரமாச்சு. செல்லை வாசல் லாக்கர்ல வெச்சுட்டுத்தான் உள்ள போகணும், அதனால லெட்டர் எனக்கும் வசதிதான்.

அன்புடன் எஸ்தர்


கல்லேரிப்பட்டு
21.3.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் எஸ்தருக்கு, இங்கே எல்லாரும் சுகம். பீடி வாசனை என்னுதில்ல, போஸ்ட்மேனுது.

உன் லெட்டரை அம்மாவுக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். நான் அனுப்பின ரோஜா வாடாம இருக்கத் தண்ணி ஊத்துறாங்கன்னதும் அவ, "இருக்கற மல்லிச்செடிக்கு ஒரு குடம் ஊத்த உங்களுக்குக் கை வரல, மெட்ராஸ்ல ஆள் வெச்சு ஊத்தறீங்களா"ன்னு கேட்டா. அன்னிக்கு சாயங்காலமே மல்லிச்செடிக்கு ஊத்திட்டேன்.

இப்ப இதைவிடப் பெரிய சேதி. அவசரமா எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. நேத்து ஏரிக்கரைக்கு ரெண்டு கார் வந்துச்சு. வெள்ளைத் தொப்பி போட்டவங்க இறங்கி, மூணு கால் வெச்ச மிஷினை நட்டு, ராஜகிரி கோட்டை மலைப் பக்கம் திருப்பி ஒண்ணு, ஏரிப் பக்கம் திருப்பி ஒண்ணுன்னு அளந்தாங்க. தலைக்கு மேல ட்ரோன் பறந்துச்சு. கோட்டையைத்தான் படம் புடிக்கிறாங்கன்னு ஊர்ல பேச்சு. நம்ம பஞ்சாயத்துத் தலைவர் வெற்றிவேல்கிட்ட கேட்டேன். "டேட்டா சென்டர் வரப்போவுதுண்ணே"ன்னான். கார் கதவைப் பார்த்தேன். உன் கம்பெனி பேரு.

எஸ்தரு, நீ எங்களைத் தேடி வர முடியலன்னு கம்பெனியே வந்துடுச்சு. நீ மாத்தல் கேட்டு வந்துடு. அனுவைக் காலையில காப்பகத்துல விட்டு ராத்திரி தூக்கிட்டு வர்ற பொழப்பு வேணாம். நான் சைக்கிள்ல வெச்சு ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போவேன். சீக்கிரம் எழுது. உனக்கு முன்னாடியே தெரியுமா?

ஆனந்தத்தில் இருக்கும் நைனா


சென்னை
3.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

எல்லாரும் நலமா? அனுவுக்கு ஒரு வாரமா இருமல், இப்ப பரவாயில்ல. இங்க வெயில் ஆரம்பிச்சிடுச்சு. பாஸ்காவுக்கு லீவு கேட்டிருக்கேன், கிடைக்கிறது கஷ்டம்தான். அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்து வெச்சிருக்கேன்.

நைனா, நம்ம கிணத்துல இப்ப தண்ணி எங்க நிக்குது? நான் சின்ன வயசுல ஒரு கல்லு மேல ஏறி நின்னு குதிப்பேனே, அந்தக் கல்லுக்கு மேலயா கீழயா?

அன்புடன் எஸ்தர்


கல்லேரிப்பட்டு
9.4.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு, இங்கே யாவரும் சுகம். அனு இருமலுக்குத் துளசியும் மிளகும் போட்டுக் கஷாயம் வெச்சுக் கொடு, துப்பினா இன்னொரு தடவை கொடு.

லெட்டரைக் கேட்டுட்டு அம்மா இன்னா சொன்னா தெரியுமா? "கேட்டதுக்குப் பதில் எழுதல, கேக்காதது ஒண்ணைக் கேட்டிருக்கா. இதுல இன்னாவோ இருக்குது"ன்னா. அவளுக்கு எல்லாத்துலயும் இன்னாவோ இருக்கும். நான் புரிஞ்சுக்கிட்டேன். நீ வர்றதா முடிவு பண்ணிட்டே, குளிக்கத் துவைக்கத் தண்ணி இருக்குமான்னு பாக்கிறே. மெட்ராஸ்ல இருந்த பொண்ணு, கேட்கத்தான் செய்வே.

அந்தக் கல்லு இப்ப தண்ணிக்கு மேல ரெண்டாள் உயரத்துல இருக்குது. ஏரி நிறைஞ்சா கல்லு முழுகும், உனக்கே தெரியும். இந்த வருஷ மல்லாட்டைப் பயிருக்குத் தண்ணி பத்திடும். சித்திரை கடந்துட்டா பயமில்ல.

கம்பெனிக்காரங்க போன வாரம் சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாங்க. மைக் செட்டு நம்முளுதுதான். எல்லாருக்கும் தொப்பி, பிஸ்கட், பாட்டில் தண்ணி. திரையில படம் காட்டினாங்க. ஏரியைச் சுத்திப் புல்லு, நடைபாதை, ஏரி நடுவுல ஒரு படகு, அதுல ஒரு பொண்ணு குழந்தையோட உக்காந்திருந்தா. எனக்கு நீயும் அனுவும் மாதிரியே இருந்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்ததுல ஆம்ப்ளிஃபயர் கத்தினதுகூட எனக்குக் கேக்கல.

ஏரிக்கரையோரம் ஆழ்துளைக் கிணறு போட ஊர் சம்மதிக்கணுமாம். மே ஒண்ணாம் தேதி கிராம சபையில தீர்மானம் வருது. ஊர்ல முக்காவாசிப் பேர் சரின்னுதான் இருக்காங்க. அதுல மொத ஆள் நான்.

தொப்பி போட்ட நைனா


சென்னை
22.4.2025

அன்புள்ள நைனாவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். வர முடியல, மன்னிக்கணும். அம்மா ஆட்டுக்கறி செஞ்சதாச் சொன்னாங்க. நீங்க செல்லைத் திரும்ப எடுத்துட்டீங்கன்னு ரோஜாப்பூ வந்ததுமே தெரிஞ்சிடுச்சு. ஆனா நான் இப்ப எழுதறதைப் பத்தி ஃபோன்ல பேச வேணாம், வாட்ஸ்அப்பும் வேணாம். லெட்டர்லயே இருக்கட்டும்.

போன மாசமே எனக்குத் தெரியும். அங்க கட்டடம் வந்தா கூலிங் இன்சார்ஜ் வேலை எனக்குத்தான்னு மேலதிகாரி சொன்னார். "சொந்த ஊர், உனக்கு லக்கு"ன்னார். அன்னிக்கு ராத்திரி அனுவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன், சந்தோஷத்துல. அவ பயந்துட்டா.

இன்னொண்ணும் சொல்றேன், கதை மாதிரி கேட்டுக்குங்க. போன கோடையில எங்க கட்டடத்து டவருக்குத் தண்ணி பத்தல. லாரி வந்துச்சு. வரிசையா, ஒண்ணு போனா ஒண்ணு. கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு ஊர் இருக்குது. அந்த ஊர்ப் பொம்பளைங்க வெறுங்குடத்தை வெச்சுக்கிட்டு ரோட்டோரம் நின்னு லாரி உள்ள போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. யாரும் கத்தல, மறிக்கல. நான் டவர் மேல நின்னு வால்வைத் திறந்துவிட்டேன். அது என் வேலை.

இப்ப தண்ணி அதிகம் எடுக்காத மாதிரிகூடக் கட்டறாங்க. அதுக்குக் கரண்ட் அதிகம் போகும், செலவும் கூட. அங்க எந்த மாதிரின்னு நான் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.

எனக்கு வரணும் நைனா. அது பொய்யில்ல. ஆனா கிணத்தைப் பத்தி நான் கேட்டது குளிக்கறதுக்கு இல்ல.

எஸ்தர்


கல்லேரிப்பட்டு
27.4.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் எஸ்தருக்கு,

சுகம். நீங்களும் சுகமா இருக்கணும்.

உன் லெட்டரை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். இந்தத் தடவை ஒரு தரம்தான். அவ உள்ள போய் அரிசி களைஞ்சா. நான் கிணத்தங்கரைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

எல்லாக் கூட்டத்துக்கும் மைக் கட்டியிருக்கேன். கட்சிக்காரன் பேசியிருக்கான், பிஷப் பேசியிருக்கார், பட்டிமன்றத்துல ரெண்டு பக்கமும் பேசியிருக்காங்க. அத்தனைக்கும் நடுவுல நான் அதுல பேசினது, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" மட்டும்தான். நாலு சொல்றதுக்குக்கூட வாய்ப்பு வந்ததில்ல. வியாழக்கிழமை கிராம சபையில வருதுன்னு நெனச்சா பயமாவும் இருக்குது, கல்யாணத்துக்குப் போற மாதிரியும் இருக்குது. அம்மா என் வெள்ளைச் சட்டையை நீலம் போட்டுத் துவைச்சு வெச்சிருக்கா. நான் கேக்கல, அவளா வெச்சா.

உன் பேரு எங்கேயும் வராது.

நைனா


கல்லேரிப்பட்டு
3.5.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு, இங்கே மூணு பேரும் சுகம். ஆம்ப்ளிஃபயர்தான் ரொம்ப சுகம், ஒரு தடவைகூட இரையல.

கிராம சபை முடிஞ்சிடுச்சு, ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே வரல. படுத்தா நான் பேசினதே காதுல கேக்குது. எல்லாத்தையும் சொல்லிடறேன்.

பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில கூட்டம். இவ்வளவு கூட்டம் கிராம சபைக்கு நான் பார்த்ததில்ல. கம்பெனி ஆபீசர் ஒருத்தர் வந்திருந்தார், நல்ல மனுஷன், வேர்த்து வேர்த்துப் பேசினார். புகை வராது, சத்தம் வராது, கழிவு வராது, வெறும் சர்வருங்கதான் இருக்கும்னார். அவ்வளவுதான், பின்னாடியிருந்து ஆனந்தராஜ், "நம்ம செபாஸ்தியானோட சர்வருங்கதானே? வரட்டும், பந்தி பரிமாற ஆளில்ல"ன்னான். ஊரே சிரிச்சுது. வெற்றிவேல் தலைவர்ங்கறதையும் மறந்து சிரிச்சான்.

மைக்கைச் சரிபண்ணப் போற மாதிரி எழுந்து போனேன். கையில எடுத்ததும் பழக்கத்துல, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ"ன்னுட்டேன். அதுக்கு இன்னும் சிரிச்சாங்க. திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்துச்சு. அம்மா பொம்பளைங்க வரிசையில உக்காந்திருந்தா. அவ மட்டும் சிரிக்கல. பேசிட்டேன்.

"எனக்கு சர்வர்னா ஓட்டல் சர்வர்தாங்க தெரியும். நாம போய் உக்காந்ததும் அவன் மொதல்ல தண்ணி கொண்டாந்து வைப்பான். இந்த சர்வர் வந்து உக்காந்ததும் நம்மகிட்ட தண்ணி கேக்குது. அப்ப இங்க சர்வர் யாருங்க? நாமதானே?"

சிரிக்கத்தான் ஆரம்பிச்சாங்க. பாதியில நின்னுடுச்சு.

அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். கோடையில ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும், ஏரியில இல்லன்னா எங்கேருந்து எடுப்பீங்க? ஆபீசர், டிசைன் முடிஞ்ச பிறகுதான் தெரியும்னார். இதெல்லாம் யார் உங்களுக்குச் சொன்னதுன்னும் கேட்டார். உன் ஞாபகம் வந்துச்சு. "நான் பத்தாவது ஃபெயிலு சார், யாரும் சொல்லித் தந்தா எனக்கு ஏறாது"ன்னேன். ஊரே ஆமான்னுச்சு. நம்ம ஊர் என் படிப்பை என்னிக்கும் விட்டுக் கொடுக்காது.

அதுக்கப்புறம் என்னை யாரும் கவனிக்கல. ஏரிக்குக் கீழ நிலம் வெச்சிருக்கற கலைச்செல்வி எழுந்து, எங்க போர் கிணத்துக்கு நீங்க பொறுப்பெடுத்து எழுதித் தருவீங்களான்னா. ஆளாளுக்கு மைக்கைப் புடுங்கினாங்க. யாரும் செல்லு வேணாம், கம்ப்யூட்டர் வேணாம்னு சொல்லல. தண்ணிக்கணக்கைச் சொல்லிட்டு வா, ஏரியைத் தொடாத மாதிரி கட்டறதா இருந்தா வா, அதுவரைக்கும் ஆழ்துளைக்குச் சம்மதம் இல்லன்னு தீர்மானம். கை தூக்கச் சொன்னாங்க, தூக்கினோம். ஆனந்தராஜும் தூக்கினான், ரெண்டு கையையும்.

உனக்கு ஆபீஸ்ல தொந்தரவு எதுவும் இல்லையே? உடனே எழுது.

தொண்டை கட்டின நைனா


சென்னை
20.5.2025

அன்புள்ள நைனாவுக்கு,

நானும் அனுவும் நலம். உங்க தொண்டை சரியாச்சா? உடனே எழுதச் சொன்னீங்க, முடியல. மூணு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சுட்டேன்.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. போன வாரம் மீட்டிங்ல அந்த ஆபீசரே சொன்னார், "ஒரு மைக் செட்காரர் எழுந்து சர்வர் யாருன்னு கேட்டாருப்பா"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். எங்க நைனான்னு கத்தணும் போல இருந்துச்சு.

தண்ணிக்கணக்கு இல்லாம இனிமே எந்த ஊர்க் கூட்டத்துக்கும் போக மாட்டேன்னு அவர் மேலிடத்துல சொல்லியிருக்கார். நல்ல மனுஷன்னு நீங்க எழுதினது சரிதான். ஆனா கல்லேரிப்பட்டு இல்லன்னு ஆயிடுச்சு. வேற மாவட்டத்துல பார்க்கறாங்க. அந்த வேலையும் அங்க போற யாருக்கோ போகும். நான் இங்கதான்.

அனுவை ஜூன்ல இங்கேயே எல்.கே.ஜி. சேர்க்கறேன்.

நைனா, கை தூக்கினப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதை மட்டும் நீங்க எழுதல.

எஸ்தர்


கல்லேரிப்பட்டு
26.5.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் எஸ்தருக்கு, நாங்க எல்லாரும் சுகம். அம்மா முழங்கால் தேவல. நேத்து ஒரு மழை, பெருசில்ல, மண்ணு நனைஞ்சுது. மல்லாட்டை புடுங்கி காயப் போட்டிருந்தோம், ஓடி ஓடி அள்ளினோம். அனுவுக்கு ஒரு பை கடலை அனுப்பறேன், வறுத்து வெல்லத்தோட கொடு.

புதுநன்மை விருந்து நல்லா நடந்துச்சு. பரிமாற ஆள் கிடைக்காததால ஆனந்தராஜ் என்னைத்தான் சாம்பார் வாளியோட விட்டான். பந்தி முழுக்க, "சர்வர், இங்க ஊத்து"ன்னு ஒரே சத்தம். எனக்குப் பெருமையா இருந்துச்சு. வெற்றிவேல் ஏரியைத் தூர் வாரப் பணம் கேட்டு எழுதியிருக்கான். அதுக்கொரு கூட்டம் இருக்குது, என்னையும் பேசக் கூப்பிட்டிருக்காங்க. இனிமே மைக் நம்முளுது, பேச்சும் நம்முளுது.

காலையில ரோஜா அனுப்பறதை நிறுத்திட்டேன். வணக்கம்னு எழுதி மட்டும் அனுப்பறேன். குரூப்புல எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க.

எல்.கே.ஜி. யூனிஃபார்ம் போட்டு ஒரு ஃபோட்டோ அனுப்பு. எத்தனை பொட்டி சூடானாலும் பரவாயில்ல, அது ஒண்ணை வெச்சுக்கறேன்.

பாசமுள்ள நைனா,
செபாஸ்தியான்

பி.கு.: கை தூக்கினப்ப எப்படி இருந்துச்சுன்னு கேட்டே. நல்லா உயரமாத்தான் தூக்கியிருந்தேன், அம்மாவைக் கேளு. வெற்றிவேல் எண்ணி முடிக்கிற வரைக்கும் உள்ளுக்குள்ள நான் சொல்லிக்கிட்டிருந்தது ஒண்ணுதான்: ஆண்டவரே, நாலு கை குறையட்டும், எம் பொண்ணு வீட்டுக்கு வந்துடட்டும்.